புரட்டாசியில் பங்கோர்

சீதாலெட்சுமிக்குப் போர்ட் டிக்சன் என்றால் கடல் நினைவுக்கு வராது. நூல் மாதிரி தண்ணீர் வழிந்த ஒரு குழாய்தான் வரும். கேமரன் மலை என்றால், பற்றவைக்கும்போதெல்லாம் டப்பென்று வெடித்து நெஞ்சைப் பதறவைத்த ஒரு கேஸ் அடுப்பு. பினாங்கில் வாடகைக்கு எடுத்த வீட்டில் கரண்டியே கிடையாது. காப்பிக் குவளையால் சாம்பாரை மொண்டு எல்லார் தட்டிலும் ஊற்றியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கடல்மேல் போகும் பினாங்குப் பாலம் எப்படி இருந்தது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வாள்.

கிள்ளானில் அவர்கள் குடியிருக்கும் வரிசையில் இது ஒன்றும் புதினமில்லை. எந்த வீட்டார் ஊர் சுற்றப் புறப்பட்டாலும் காரின் பின்பக்கத்தில் முதலில் ஏறுவது ரைஸ் குக்கர். அதற்குப் பிறகு அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் டப்பா, ஊறுகாய். துணிமணியெல்லாம் மிச்சம் இருக்கிற இடத்தில். அறைக்குள் சமைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கும் ஹோட்டலில்கூட, சன்னலை முழுக்கத் திறந்துவைத்து, கூரையில் இருக்கும் புகை மணியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ரசம் தாளித்த குடும்பங்களை அவளுக்குத் தெரியும். அவற்றில் ஒன்று அவளுடையது.

கணவர் கார்த்திகேசு போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். விடிந்தால் ஒரு கடை, மத்தியானம் ஒரு கடை என்று வருடம் முழுக்க ரோட்டோரத்தில் சாப்பிடுகிறவருக்கு, லீவு என்றால் வீட்டுச் சோறு. "ஒரு சோறு, ஒரு ரசம், அது மட்டும் போதும் சீதா" என்பார். அந்த 'மட்டும்' என்பதற்குள் ஒரு பொரியல், ஒரு துவையல், அப்பளம், பிறகு பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது எல்லாம் அடங்கியிருக்கும். சீதாவுக்குக் கிடங்கில் பெட்டி கட்டும் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து அவள் அடுப்பைப் பற்றவைத்தால்தான் வீட்டில் சாப்பாடு. அவளுக்கு லீவு என்றால், யாரோ சமைத்ததை உட்கார்ந்து சாப்பிடுவது. அவர் பக்கமும் நியாயம் இருந்தது, அவள் பக்கமும் நியாயம் இருந்தது. அவர் வாய்விட்டுச் சொன்னார், அவள் சொல்லவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு தடவையும் ரைஸ் குக்கர் காரில் ஏறியது.

மகள் புனிதாவுக்கு இது சின்ன வயதிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். பிரிக்பீல்ட்சில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, கையில் நாலு காசு புரள ஆரம்பித்ததும் ஒரு நாள் வந்து நின்றாள்.

"அம்மா, இந்தத் தடவை நான் கூட்டிட்டுப் போறேன். பங்கோர் தீவு. புக் பண்ணியாச்சு. நீங்க அடுப்புப் பக்கமே போகக் கூடாது, சொல்லிட்டேன். கடை கடையா ஏறி இறங்குறோம். சாப்புடுறோம்."

கைப்பேசியை நீட்டினாள். அதில் ஒவ்வொன்றாக வந்தன: வாழையிலையில் சுட்ட மீன், மிளகாய் நண்டு, மீன் உருண்டை மிதக்கும் சூப். எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்று ஒரு மாதமாகத் தேடி வைத்திருக்கிறாள். தங்கும் ஹோம்ஸ்டேயில் ஒரு சாயங்காலம் மீனும் இறாலும் கணவாயும் சுட்டுத் தருவார்களாம், வாடகையிலேயே சேர்த்தி.

சீதா எல்லாவற்றையும் ரசித்துப் பார்த்தாள். பிறகு சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தாள்.

"என்ன தேதி போட்டிருக்கே?"

புனிதா சொன்னாள்.

"அது புரட்டாசி லா."

அந்த வீட்டில் புரட்டாசி மாதம் மீன், இறைச்சி, முட்டை எதுவும் கிடையாது. பெருமாளுக்கான மாதம். வருடம் முழுக்க நண்டும் மீனுமாகச் சாப்பிடுகிற கார்த்திகேசுகூட அந்த மாதம் லோரியில் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டுவாரே தவிர தொடமாட்டார். கொடுத்த பணத்தைத் திருப்பித் தரமாட்டோம் என்று ஹோம்ஸ்டேக்காரர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

கார்த்திகேசு விழுந்து விழுந்து சிரித்தார். "வாடகை மலிவா இருக்கும்போதே நெனைச்சேன். மீனுக்குப் பேர்போன தீவுக்குப் புரட்டாசியில போற குடும்பம் நாமளாத்தான் இருக்கும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, போவோம். எப்படியும் வீட்டுச் சாப்பாடுதானே. அக்காவையும் கூட்டிக்குவோம். பாவம், அது கடலைப் பார்த்தே எவ்வளவோ காலமாச்சு" என்றார்.

புனிதா தாயைப் பார்த்தாள். சீதா பாத்திரம் எடுத்துவைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

கார்த்திகேசின் அக்கா வீரம்மா ஜெஞ்சாரோமில் தனியாக இருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியே காலத்தை ஓட்டியவர். புருசன் போய் வெகு நாளாயிற்று. புனிதா கைக்குழந்தையாக இருந்தபோது சீதாவுக்கு இரவு ஷிப்ட். அப்போது பெட்டியோடு வந்து இறங்கி, பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் வளர்த்துக் கொடுத்துவிட்டுப் போனவர் வீரம்மாதான். ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டாததே சீதாவுக்குப் பெரிய கட்டாக இருந்தது. அண்ணி ஒன்று கேட்டால் அவளால் மறுக்க முடியாது.

அந்த அண்ணி, புரட்டாசியில் வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். "எந்தச் சட்டியில எது வெந்துச்சோ, எந்தக் கரண்டி எதுல கிடந்துச்சோ" என்பார். அவர் வருகிறார் என்றால் சமைத்தாக வேண்டும். சீதா அரிசியை அளந்து கட்டினாள். புனிதாவுக்குத்தான் கோபம். காரில் ரைஸ் குக்கரைத் தன் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டார்கள் என்று கிள்ளானிலிருந்து சபாக் பெர்ணம் வரைக்கும் சன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

லுமுட்டில் காரை விட்டுவிட்டு ஃபெர்ரி ஏறினார்கள். மறுகரையில் இறங்கியதுமே வாசனை வந்து முகத்தில் அறைந்தது. படகுத்துறையை ஒட்டின கடைகளிலெல்லாம் நெத்திலியும் கணவாயும் கருவாடாகக் குவிந்துகிடந்தன. வீரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"தம்பி, இங்க காத்துலயே மீன் இருக்குடா. மூச்சு விட்டாலே விரதம் போயிடும் போல."

"மூச்சு விடாம இருந்துக்கோக்கா, ரெண்டு மூணு நாள்தானே" என்றார் கார்த்திகேசு.

"அப்புறம் உன்னைத் திட்டறதுக்கு ஆள் வேணாமா?"

தீவுக்குள் ஓடுகிற வேன்கள் எல்லாம் ரோஸ் நிறம். அதில் ஒன்றைப் பிடித்துத் தெலுக் நிப்பா கடற்கரைப் பக்கம் போனார்கள். ஹோம்ஸ்டேயில் பெட்டியை வைத்த கையோடு புனிதா கிளம்பிவிட்டாள். "சைவம் கிடைக்காமலா போயிடும்? வாங்க பார்ப்போம். அத்தை, உங்களுக்குப் பிடிச்சா சாப்புடுங்க, இல்லாட்டி வேணாம்."

கார்த்திகேசுக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. சிலாங்கூரில் எந்த முக்கில் எந்தக் கடை என்று லோரிக்காரர்கள் அவரைத்தான் கேட்பார்கள். முதல் கடையில் ஒரு மலாய்க்கார அக்கா சோறும் பலவகைக் கறியும் வைத்திருந்தாள். இறைச்சி வேண்டாம், காய்கறி மட்டும் என்று கார்த்திகேசு விளக்கமாகச் சொன்னார். அவளும் நன்றாகத் தலையாட்டி, கங்குங் கீரை வதக்கலைத் தாராளமாக அள்ளி வைத்தாள். கீரைக்குள்ளிருந்து பொடி இறால் எட்டிப் பார்த்தது.

"அது சும்மா வாசத்துக்குத்தான்" என்றாள் அவள், கொஞ்சம் மனம் நொந்து. அவள் சொன்னதில் பொய்யில்லை. அவள் கணக்கில் அது கீரைதான்.

அடுத்தது ரொட்டி சானாய்க் கடை. பருப்புக் குழம்பு பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் கடைக்காரர் மீன் குழம்பில் கிடந்த கரண்டியை எடுத்து, விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, பருப்புக்குள் விட்டார். வீரம்மா எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். ரொட்டியைச் சீனி தொட்டுத் தின்னவும் சீதா தயாராகத்தான் இருந்தாள். தட்டு வருவதற்குள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

"விடு சீதா, எதுக்கு அலைச்சல்?" என்றார் கார்த்திகேசு. "ஒரு சோறு, ஒரு ரசம் மட்டும் வச்சிடு."

வைத்தாள். பூண்டு நசுக்கிப் போட்ட ரசம், உருளைக்கிழங்கு வறுவல், வீரம்மாவுக்குப் பிடிக்குமே என்று கொஞ்சம் வெங்காயத் துவையல். ஹோம்ஸ்டே அடுப்பங்கரையின் சன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இருந்தது. அந்தச் சுவருக்கு அப்பால் எங்கேயோ அலைச் சத்தம் கேட்டது. புனிதா வந்து வாசற்படியில் நின்றாள்.

"உங்களுக்காகத்தான்மா வந்தோம்."

"தெரியும். அந்த உப்பை எடு."

"ஒரு வார்த்தை சொன்னா என்ன? அத்தை என்ன கடிச்சா தின்னுடப் போறாங்க?"

"உன்னைத் தூக்கி வளர்த்தவங்கம்மா."

"அதுக்கு நான்தானே நன்றி சொல்லணும்? நீங்க எதுக்குச் சமைச்சே சொல்லிட்டு இருக்கீங்க?"

சீதா உப்பைத் தானே எட்டி எடுத்துக்கொண்டாள். சாப்பாடு எல்லோருக்கும் பிடித்திருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் வருத்தமாக இருந்தது. நன்றாக இல்லையென்றால் நாளைக்கு வெளியில் பார்ப்போம் என்றாவது யாராவது சொல்லியிருப்பார்கள்.

சாயங்காலம் கார்த்திகேசு தேத்தண்ணீர் குடிக்கப் போய்விட்டு, நடையில் ஒரு வேகத்தோடு திரும்பி வந்தார்.

"ஏய் புனிதா! மஞ்சக் கொடி பார்த்தேன்!"

புனிதாவுக்கு உடனே புரிந்துவிட்டது. சீதாவுக்கும் புரிந்தது. கிள்ளானில் இருக்கிறவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சீனர்களின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது பேரரசர் தெய்வங்களுக்கு ஒன்பது நாள் திருவிழா நடக்கும். பக்தியுள்ளவர்கள் வெள்ளை உடுத்தி, அந்த ஒன்பது நாளும் மீன் இறைச்சி தொடாமல் இருப்பார்கள். அப்போது கோயில் பக்கங்களில் சைவக் கடைகள் முளைக்கும், அடையாளத்துக்கு வாசலில் ஒரு மஞ்சள் கொடி கட்டியிருக்கும். எல்லா வருடமும் புரட்டாசியோடு சேர்ந்து வராது. இந்த வருடம் வந்திருக்கிறது.

"மீன்காரங்க ஊரே சைவம்லா இப்ப!" என்றாள் புனிதா. "நம்ம கூட்டாளிங்க!"

வீரம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். "சீனங்க கடையா? வருசம் பூரா பன்னி வெந்த சட்டியா இருக்குமேடா."

"கோயில் கடைக்கா."

"இருக்கட்டும். நீங்க போய் வாங்கிட்டு வாங்க. நம்ம கேரியர்ல வாங்குங்க, அவங்க தட்டு வேணாம். கறியை மட்டும் வாங்கினா போதும். சோறு சீதா வடிச்சிடுவா." கொஞ்சம் யோசித்து, "நானும் வரேன். என்ன ஊத்தறாங்கன்னு கண்ணால பார்க்கணும்" என்றார்.

சோறு சீதா வடிச்சிடுவா. அவ்வளவு பெரிய செய்தியிலும் அந்த ஒரு வரிதான் சீதாவின் காதில் விழுந்தது.

மறுநாள் மத்தியானம் நால்வரும் போனார்கள். மீன்பிடிப் படகுகள் கட்டும் கால்வாயை ஒட்டி, பலகை வீடுகளுக்கு நடுவில் சின்னதாக ஒரு கோயில். அதன் பக்கத்தில் தகரக் கூரை போட்டு, நீளமாக மேசைகளை இழுத்துப் போட்டிருந்தார்கள். மஞ்சள் கொடிகள் காற்றில் படபடத்தன. வலை இழுத்துக் கறுத்த ஆட்கள் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டையில், கல்யாணத்துக்கு வந்தவர்கள் போலக் கூச்சத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டுகளுக்குப் பின்னால் நின்றது ஓர் அறுபது வயதுச் சீன அம்மாள். அவரும் தலையிலிருந்து கால்வரை வெள்ளை.

வீரம்மா டிபன் கேரியரை மேசைமேல் வைத்தார். பளபளவென்று விளக்கிய எவர்சில்வர் கேரியர். நேற்றுத் துவையலும் ரசமும் அதில்தான் இருந்தன. வீரம்மா அதைப் புளிபோட்டுத் தேய்த்து, வெயிலில் வேறு காயவைத்திருந்தார்.

அந்த அம்மாள் கரண்டியைக் கையில் எடுத்தார். மேல் அடுக்கைத் திறந்தார். ஏதோ யோசனையோடு குனிந்து முகர்ந்து பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"கக்கா," என்றார் வீரம்மாவைப் பார்த்து, மலாயில், அக்கா என்று மரியாதையாக. "இனி அட பாவாங். தா போலே."

வீரம்மா தம்பியைப் பார்த்தார். "என்னடா சொல்றா?"

கார்த்திகேசு சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். "உன் கேரியர்ல வெங்காயம் பூண்டு வாசம் வருதாம். இதுல ஊத்தக் கூடாதாம். விரதத்துல அவங்களுக்கு அது ஆகாதாம்கா."

"என் பாத்திரத்தையா?"

"உன் பாத்திரத்தைத்தான்."

"புரட்டாசிக்குன்னே தனியா எடுத்து வச்ச பாத்திரம்டா இது! மீன் வாசமே தெரியாது இதுக்கு!"

"அதைச் சொல்லிட்டேன். பூண்டு வாசம் தெரியுமே என்கிறாங்க."

புனிதா திரும்பிக் கால்வாயைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. சீதா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குச் சிரிப்போடு பயமும் இருந்தது. அண்ணி கோபித்துக்கொண்டு கேரியரைத் தூக்கினால் கதை முடிந்தது. திரும்ப அந்தச் சுவரைப் பார்த்த சன்னல்.

வீரம்மா கேரியரைத் தூக்கத்தான் தூக்கினார். ஆனால் போகவில்லை. மேல் அடுக்கைத் தன் மூக்கருகே கொண்டுபோனார். ஒரு தடவை முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார்.

"இருக்குதான்" என்றார்.

பிறகு விசாரணை ஆரம்பித்தது. வீரம்மா தமிழில் கேட்டார், கார்த்திகேசு மலாயில் கேட்டார், அந்த அம்மாள் பதில் சொன்னார். முட்டை உண்டா? கிடையாது. சட்டி? வருசம் பூராவும் புழங்கும் சட்டியெல்லாம் கட்டிப் பரண்மேல் ஏற்றியாயிற்று, இது கோயில் சட்டி, ஒன்பது நாளைக்கு மட்டும். கரண்டி? அதுவும்தான். தட்டு? அதுவும்தான், கோப்பையும்தான். அந்த அம்மாளும் சும்மா இருக்கவில்லை. உங்கள் விரதம் எத்தனை நாள் என்று கேட்டார். ஒரு மாதம் என்றதும் புருவத்தை உயர்த்தி, கையைக் கூப்பி, பக்கத்தில் இருந்தவரிடம் சீன மொழியில் ஏதோ வியந்து சொன்னார். ஆனால் ஒரு மாதமும் வெங்காயம் உண்டா என்று கேட்டு, உண்டு என்றதும், புருவம் இறங்கிவிட்டது.

"என்னவாம்?" என்றார் வீரம்மா.

"ஒண்ணுமில்லக்கா. ஒரு மாசம் ஜாஸ்தி, ஆனா வெங்காயம் தின்னா அது என்ன விரதம்னு நினைக்கிறாங்க போல."

"நினைப்பா, நினைப்பா." வீரம்மா கேரியரை மூடிக் கார்த்திகேசின் கையில் திணித்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பூண்டில்லாம என்னத்தைத்தான் சமைப்பாளோ, பார்த்துடுவோம். தட்டைக் கொண்டாரச் சொல்லு."

சீதா வரிசையில் நின்றாள். கையில் வெறுந்தட்டோடு சாப்பாட்டுக்கு முன்னால் நிற்பது அவளுக்கு விநோதமாக இருந்தது. எது வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. வழக்கமாக மற்றவர்களுக்கு எது வேண்டும் என்று கேட்பவள் அவள். எல்லாவற்றிலும் கொஞ்சம் என்று கையால் வட்டம் போட்டுக் காட்டினாள். அந்த அம்மாள் கொஞ்சம் வைக்கவில்லை. மலைபோல் வைத்தார்.

சாற்றில் ஊறிய, டவ்வு என்கிற சோயாக் கட்டியின் தோல், பொரித்த சேப்பங்கிழங்கு, காளானும் முட்டைக்கோசும், கறுப்பாக வறுத்த மீகூன் சேமியா. முதல் வாயிலேயே சீதாவின் நாக்கு வழக்கம்போல் வேலை பார்க்க ஆரம்பித்தது. பூண்டு இல்லை, வெங்காயம் இல்லை, அப்புறம் இந்த ருசி எங்கிருந்து வருகிறது? இஞ்சி தெரிகிறது. நல்லெண்ணெய் தெரிகிறது. ஏதோ புளிக்கவைத்த பருப்பு மாதிரி ஒன்று. நாலாவது வாயில், இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. அதற்குப் பிறகு வெறுமனே சாப்பிட்டாள். சூடாக இருந்தது. நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் சூடாக இருந்தது. வீட்டில் அவள் உட்காரும்போது எதுவும் சூடாக இருக்காது.

வீரம்மாவின் தட்டில்தான் ஒரு கலவரம். "அய்யோ, மீனு!" என்று கத்தி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். பக்கத்து மேசை வெள்ளைச் சட்டைகள் திரும்பிப் பார்த்தன. தட்டில் கிடந்தது அச்சு அசல் மீன் துண்டு, கறுப்புத் தோல் வேறு.

"டவ்வு அத்தை, டவ்வு! மேல கடல்பாசி சுத்தியிருக்காங்க" என்றாள் புனிதா.

"மீனை விட்டவ மீன் மாதிரி எதுக்குடி செய்யறா?"

"ஆசைதான், வேறென்ன" என்றார் கார்த்திகேசு, தன் தட்டில் இருந்த 'மீனை' வாயில் போட்டுக்கொண்டே. "மீன்காரங்கக்கா. பாவம்."

வீரம்மா அதைக் கரண்டியால் குத்திப் பார்த்து, பிளந்து பார்த்து, முள் இல்லை என்று நிச்சயமானதும் ஒரு விள்ளல் தின்றார். மிச்சத்தையும் தின்றார்.

அன்று பின்னேரம் சீதாவுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கழுவப் பாத்திரம் இல்லை. நறுக்கக் காய் இல்லை. புனிதா அவளைக் கடற்கரைக்கு இழுத்துப்போனாள். மரத்தடியில் யாரோ பழத்துண்டை எறிய, இருவாச்சிப் பறவைகள் கைக்கெட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்தன. தலைமேல் இன்னொரு மூக்கை வைத்தாற்போல, பெரிய உருவம். கணுக்கால்வரை தண்ணீரில் நின்றபடி சீதா அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேலைக்கரை நனைந்துவிட்டது. வீரம்மா கொஞ்சம் தள்ளி மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, கடலை ஒரு பழைய பகையாளியைப் பார்ப்பது மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது ஹோம்ஸ்டேக்காரர் வாசலில் கரி மூட்டிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு வரவேண்டிய மீனையும் இறாலையும் பக்கத்து அறையில் தங்கியிருந்த மலாய்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டாள் புனிதா. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் அவளை அதற்குள் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

கார்த்திகேசு கால்கழுவிக்கொண்டு வந்து சாய்நாற்காலியில் சாய்ந்தார். "மத்தியானம் நல்ல சாப்பாடு. ராத்திரிக்கு லேசாப் போதும் சீதா. ஒரு சோறு, ஒரு ரசம் மட்டும்..."

"முடியாதுங்க."

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று சீதாவுக்கே தெரியவில்லை. குரல்கூட உயரவில்லை. கார்த்திகேசு சரியாகக் கேட்காதவர்போல் நிமிர்ந்தார்.

"உடம்புக்கு முடியலையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. இங்க இருக்கிற வரைக்கும் நான் சமைக்கலங்க. எனக்கும் லீவுதானே."

சொல்லிவிட்டாள். புருசனை அவள் பார்க்கவில்லை. அவரை அவளுக்குத் தெரியும், கொஞ்சம் முகம் சுளிப்பார், பிறகு சரியாகிவிடுவார். அவள் பார்த்தது கட்டிலில் உட்கார்ந்திருந்த அண்ணியை. இரவு ஷிப்டுக்குப் போகும்போதெல்லாம் பிள்ளையை வாங்கிக்கொண்ட அந்தக் கைகளை. அந்தக் கைகளுக்கு இத்தனை வருடமாகச் சோறாகவும் ரசமாகவும் அவள் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது போதாது என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் என்ன செய்வாள்?

வீரம்மா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டார்.

"ரசமா? பூண்டு போடாம உனக்கு ரசம் இறங்குமாடா? இன்னைக்கு அதைக் குடிச்சிட்டு நாளைக்கு அவ முன்னால போய் நின்னா, வாயைத் திறந்ததும் கண்டுபிடிச்சிடுவா அந்தப் பொம்பளை. ஒரு தடவை அவமானப்பட்டது போதும் எனக்கு." எழுந்து சேலையை உதறினார். "இங்க இருக்கிற வரைக்கும் வெங்காயமும் கிடையாது, பூண்டும் கிடையாது. அவளால முடியுது, என்னால முடியாதா? கிளம்பு, போய்ச் சாப்பிட்டு வருவோம்."

கார்த்திகேசு சாய்நாற்காலியிலிருந்து எழுந்தார். செருப்பைத் தேடினார்.

வாசலில் புனிதாவும் அவரும் முன்னால் இறங்கிவிட்டார்கள். வீரம்மா படியிறங்கச் சீதாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே, யாருக்கோ சொல்கிற மாதிரி, "சொன்னாத்தானே தெரியும்? நீ பாட்டுக்குச் சமைச்சுச் சமைச்சு வைப்பே. உனக்கு அதுதான் பிடிக்கும்னு நெனைச்சேன் நானு" என்றார்.

"பிடிக்கும்தான் அண்ணி. தினமும் இல்ல" என்றாள் சீதா.

"ம்" என்றார் வீரம்மா. "எனக்கும்தான் உன் பிள்ளையைப் பிடிக்கும். தினமும் இல்ல. அழுது கொன்னுடுவா." தோளை விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அந்தி மங்குவதற்குள் கால்வாயோரக் கடைக்குப் போய்விட்டார்கள். கூட்டம் கலைந்து, தட்டுகள் முக்கால்வாசி காலியாகியிருந்தன. வீரம்மா நேராகப் போய் அந்த அம்மாளின் முன்னால் நின்று, தன் வெறுங்கைகளை விரித்துக் காட்டினார். அந்த அம்மாள் பல் தெரியச் சிரித்து, வீரம்மாவின் கையைப் பிடித்து முகர்வது மாதிரி பாவனை செய்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பாஷையில் என்னவோ பேசிக்கொண்டார்கள். கார்த்திகேசை யாரும் கூப்பிடவில்லை.

சீதா தன் தட்டை முடித்துவிட்டு இன்னும் பசி இருக்கிறதா என்று யோசித்தாள். பசி இல்லை. ஆனாலும் எழுந்தாள். சேப்பங்கிழங்குத் தட்டில் எண்ணெயும் மொறுமொறுப்பான துணுக்குகளும்தான் மிச்சம். முடிந்துவிட்டதே என்று அந்த அம்மாள் கையை விரித்தார். சீதா அந்தத் துணுக்குகளைக் காட்டி, அதுவே போதும் என்றாள்.

அந்த அம்மாள் அப்படியெல்லாம் விடவில்லை. பின்னால் திரும்பிச் சீன மொழியில் சத்தம் போட, உள்ளே எண்ணெய்ச் சட்டி மறுபடியும் இரைந்தது. கொஞ்சம் பொறு, சூடாகத் தருகிறேன், போய் உட்கார் என்று சைகை காட்டினார்.

சீதா போய் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.